அரை மணியில் தக்காளி கிரீம் பாஸ்தா

உணவக மெனுவில் ‘பிங்க் சாஸ் பாஸ்தா’ என்று நீங்கள் பார்த்திருக்கும் பண்டம்தான் இது. வதக்கிய தக்காளியில் கிரீம் கலந்ததும் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும். அதனால் அந்தப் பெயர். தக்காளியையும் கிரீமையும் சேர்ப்பது இத்தாலியச் சமையலில் ரொம்பப் பழைய வழக்கமும் அல்ல. இதன் நெருங்கிய உறவான ‘பென்னே அல்லா வோட்கா’ 1980-களில்தான் அங்கும் அமெரிக்காவிலும் பரவலாகப் பெயர் பெற்றது. ஆகவே ‘அசல் முறை இதுவல்ல’ என்று யாரும் உங்களை மிரட்ட முடியாது.

வேலை முடிந்து வந்து எட்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பவருக்கு ஏற்ற இரவுச் சாப்பாடு. ஊறவைப்பதோ அரைத்துவைப்பதோ கிடையாது. தண்ணீர் வைத்ததிலிருந்து தட்டில் விழும்வரை முப்பது நிமிடம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: சாஸ் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம், பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. வடித்த பாஸ்தா ஐந்து நிமிடம் சும்மா கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தன் சூட்டிலேயே மேலும் வெந்து குழையும். சாஸை அடுப்பிலிருந்து இறக்கி மூடிவைத்தால் அரை மணி நேரம்கூட அப்படியே இருக்கும். கீழே உள்ள செய்முறை வரிசை முழுக்க இந்தக் கணக்கில் அமைந்தது.

## தேவையானவை (மூன்று பேருக்கு)

- பாஸ்தா – 250 கிராம் (அரைக் கிலோ பாக்கெட்டில் பாதி)
- பழுத்த தக்காளி – 500 கிராம்
- பெரிய வெங்காயம் – சிறியதாக 1
- பூண்டு – 5 பல்
- ஆலிவ் எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
- தக்காளி பேஸ்ட் – 1 மேசைக்கரண்டி (இருந்தால்)
- சில்லி ஃப்ளேக்ஸ் – அரைத் தேக்கரண்டி
- காய்ந்த ஆரிகானோ – அரைத் தேக்கரண்டி
- ஃபிரெஷ் கிரீம் – 100 மி.லி.
- வெண்ணெய் – 1 தேக்கரண்டி
- துருவிய சீஸ் – 30 கிராம்
- உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை
- பாஸ்தா வேகவைக்கத் தண்ணீர் – 2 லிட்டர், அதற்கு உப்பு 1 மேசைக்கரண்டி

## கடையில் கவனிக்க வேண்டியவை

பாஸ்தா. பாக்கெட்டின் பின்புறம் ‘டியூரம் கோதுமை ரவை’ என்று இருக்கிறதா பாருங்கள். டியூரம் புரதம் மிகுந்த கடினக் கோதுமை. அதில் செய்த பாஸ்தா ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் உருக்குலையாது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். மைதா கலந்த மலிவான மக்ரோனி தண்ணீரில் போட்ட சற்று நேரத்தில் கூழாகத் தொடங்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

வடிவம்? வரிவரியாகக் கோடு போட்ட பென்னே, அல்லது திருகுபோல் இருக்கும் ஃபூசில்லி. கெட்டியான சாஸ் அந்த வரிகளிலும் குழிகளிலும் தங்கும். ஸ்பகெட்டியிலும் செய்யலாம், ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் மேசைத் துணியையும் சேர்த்துத் துவைக்க வேண்டிவரும்.

தக்காளி. இதற்கு நாட்டுத் தக்காளியைவிடப் பெங்களூர்த் தக்காளி பொருத்தம். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா. அதன் புளிப்பும் சாறும் இங்கே தொல்லை. வீட்டில் நாட்டுத் தக்காளிதான் இருக்கிறதென்றால் பாதிக்குப் பாதியாகக் கலந்து, வதக்கும் நேரத்தை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பச்சை ஓரம் தெரியும் காயான தக்காளி எந்த ரகமானாலும் வேண்டாம். நேப்பிள்ஸ் பக்கத்து சான் மார்சானோ தக்காளி டின்னில் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் வாரநாள் இரவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. தக்காளி விலை ஏறிய மாதங்களில் அட்டைப்பெட்டியில் வரும் தக்காளி ப்யூரி 300 மி.லி. போதும்.

கிரீம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் வரும் சாதாரண ஃபிரெஷ் கிரீமே வேண்டும். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்பு இருக்கும். கேக் அலங்கரிக்கும் ‘விப்பிங் கிரீம்’ பெட்டியைத் தவறி எடுத்துவிடாதீர்கள். அதில் பல வகை தாவர எண்ணெயில் செய்து சர்க்கரை சேர்த்தவை, பாஸ்தா பாயசமாகிவிடும். பெட்டியில் ‘இனிப்பூட்டப்பட்டது’ என்று எங்காவது இருக்கிறதா என்று படித்துவிட்டு எடுங்கள்.

சீஸ். பார்மெசான் இருந்தால் மணம் தனி. ஆனால் சைவர்கள் கவனிக்க: இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை வைத்து உறையவைப்பது. சைவக் குறியான பச்சைப் புள்ளி உள்ள சீஸை வாங்குங்கள். சாதாரண பிராசஸ்டு சீஸ் கட்டியும் இந்தச் சாஸில் கட்டி கட்டாமல் நன்றாகவே உருகும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை.

## பாத்திரங்கள்

ஐந்து லிட்டர் கொள்ளும் ஆழமான பாத்திரம், அகலமான கடாய், வடிகட்டி அல்லது ஜல்லிக் கரண்டி, துருவி.

கடாய் எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ ஆக இருக்கட்டும். தக்காளியின் புளிப்பு இரும்புச் சட்டியிலும் பூச்சில்லாத இண்டாலியக் கடாயிலும் வினைபுரியும். கிரீமின் மென்மையான சுவையில் அந்த உலோக வாடை அப்படியே தூக்கலாகத் தெரியும்.

## செய்முறை

1. முதலில் தண்ணீர். சமையலறைக்குள் நுழைந்ததும், வெங்காயத்தைத் தொடுவதற்கு முன்பே, 2 லிட்டர் தண்ணீரை மூடி போட்டுப் பெரிய அடுப்பில் வையுங்கள். கொதிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நறுக்கும் வேலை அதற்குள் முடியும்.

2. தக்காளியைத் துருவுங்கள். குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய கண்களில் தேயுங்கள். சதை கிண்ணத்தில் விழும், தோல் உங்கள் கையில் மிஞ்சும். வெந்நீரில் போட்டுத் தோலுரிக்கும் வேலை மிச்சம். உள்ளங்கையை விரித்து அழுத்துங்கள். விரல் நுனியை மடக்கிப் பிடித்தால் தோல் மெலியும்போது நகம் சீவப்படும். மிக்ஸியிலும் அடிக்கலாம், ஆனால் காற்று ஏறி நுரைத்து நிறம் வெளிறும்.

3. வெங்காயம், பூண்டு. வெங்காயத்தை முடிந்த அளவு பொடியாகவும், பூண்டை மெல்லிய வில்லைகளாகவும் நறுக்குங்கள்.

4. பூண்டை ஆறிய எண்ணெயில் போடுங்கள். நம் தாளிப்புக்கு நேர்மாறு. கடாயில் எண்ணெய், பூண்டு இரண்டையும் போட்ட பிறகே சிறு தீயில் அடுப்பைப் பற்றவையுங்கள். எண்ணெய் சூடேற ஏறப் பூண்டின் மணம் அதில் இறங்கும். வில்லைகளின் ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்டும் கணத்தில் வெங்காயத்தைச் சேருங்கள். பூண்டு பழுப்பாகிவிட்டால் கசப்பு வந்துவிட்டது என்று பொருள். அதை எடுத்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. கிரீம் எந்தக் கசப்பையும் மறைக்காது.

5. வெங்காயம் கண்ணாடிபோல் ஆகட்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நான்கு நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது. பிறகு சில்லி ஃப்ளேக்ஸ். எண்ணெயில் பத்து விநாடி போதும்.

6. தக்காளி பேஸ்ட். இருந்தால் இப்போது சேர்த்து, செங்கல் நிறத்துக்குக் கறுக்கும்வரை ஒரு நிமிடம் புரட்டுங்கள். பச்சை வாடை போய் இனிப்பு கூடும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கெச்சப்பை அதற்குப் பதிலாக ஊற்ற வேண்டாம். அதில் வினிகரும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும்.

7. தக்காளியைச் சேர்த்து வற்றவிடுங்கள். துருவிய தக்காளி, அரைத் தேக்கரண்டி உப்பு, சிட்டிகை சர்க்கரை, ஆரிகானோ. நடுத்தர தீயில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். கரண்டியால் கடாயின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுக்க வேண்டும். தக்காளித் தொக்கில் பாதி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் பின்னால் சாஸ் நீர்த்துப்போகிறது.

8. பாஸ்தாவை எப்போது போடுவது? சாஸ் வற்றத் தொடங்கி நாலைந்து நிமிடம் ஆனதும். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது முதலில் உப்பு, அடுத்துப் பாஸ்தா. முதல் ஒரு நிமிடம் விடாமல் கிளறுங்கள். ஒட்டுவதென்றால் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒட்டும். எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. எண்ணெய் மேலே மிதக்கும். வடிக்கும்போது பாஸ்தா மீது படிந்து சாஸை வழுக்கிவிடும்.

9. பாக்கெட்டில் போட்ட நேரத்தில் இரண்டு நிமிடம் குறையுங்கள். பதினோரு நிமிடம் என்றிருந்தால் ஒன்பதில் ஒன்றை எடுத்து ஆறவைத்துக் கடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்து, பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் கொடுத்தால் சரி. மீதி வேக்காடு சாஸில் நடக்கும். ஊட்டி, கொடைக்கானல்போல 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே இரண்டு மூன்று நிமிடம் கூடும். கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள்.

10. வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவையுங்கள். மறக்கிறவர்கள் டம்ளரை வடிகட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வடிக்கப் போகும்போது கண்ணில் படும். பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவுச்சத்து உள்ள இந்தக் கலங்கல் தண்ணீர்தான் கொழுப்பையும் தக்காளியையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது. கிரீமைக் கூட்டுவதற்குப் பதில் இதைக் கூட்டுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தில் என் முக்கியமான பரிந்துரை. 250 கிராம் பாஸ்தாவுக்கு 200 மி.லி. கிரீம் கொட்டினால் நான்காவது வாய்க்குத் திகட்டும்.

11. வடித்த பாஸ்தாவை நேராகச் சாஸுக்குள். குழாயடியில் அலசாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து போய்விடும். எடுத்துவைத்த தண்ணீரில் அரை டம்ளரை ஊற்றி, தீயைக் கூட்டி, இரண்டு நிமிடம் புரட்டுங்கள். நீர்க்க இருந்த சாஸ் பாஸ்தாவைப் பற்றிக்கொண்டு பளபளக்கும்.

12. இப்போது கிரீம். தீயை முழுக்கக் குறையுங்கள். கிரீமை ஒரு கிண்ணத்தில் எடுத்து, கடாயிலிருந்து இரண்டு கரண்டி சூடான சாஸை அதில் விட்டுக் கலக்கி, அந்தக் கலவையைக் கடாயில் சுற்றிலும் ஊற்றுங்கள். ஒரு நிமிடம், அவ்வளவுதான். கொதி வரக் கூடாது.

13. அடுப்பை அணைத்த பிறகு வெண்ணெய், சீஸ். உருகும்வரை புரட்டி, ருசி பாருங்கள். உப்பு வேண்டுமா என்று இப்போதுதான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் சீஸிலும் பாஸ்தாத் தண்ணீரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. சாஸ் கடாயில் கொஞ்சம் தளர்வாகத் தெரிய வேண்டும். தட்டுக்குப் போவதற்குள் இறுகும்.

## கிரீம் ஏன் திரிகிறது

பனீர் செய்யச் சூடான பாலில் எலுமிச்சை பிழிகிறோமே, அதே வினைதான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து துகளாகும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. அதனால் அது தாங்கும். பாலில் தலைகீழ். ‘கொழுப்பு வேண்டாம், பாலையே ஊற்றிவிடலாம்’ என்று தொடங்குகிற கடாய்தான் பெரும்பாலும் பனீர்க் கடாயாக முடிகிறது.

பால்தான் இருக்கிறதென்றால் வழி உண்டு. அரை டம்ளர் ஆறிய பாலில் ஒரு தேக்கரண்டி சோள மாவைக் கரைத்து, பன்னிரண்டாவது படியில் கிரீமுக்குப் பதிலாக ஊற்றி, சிறு தீயில் கெட்டிப்படும்வரை கிளறுங்கள். மாவுச்சத்து புரதத்தைச் சேரவிடாது. பால் வேண்டாதவர்கள் பதினைந்து முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து நைஸாக அரைத்துச் சேர்க்கலாம். வெண்ணெயையும் சீஸையும் விட்டுவிட்டு, உப்பை அதற்கேற்பக் கூட்டுங்கள். முந்திரி திரியாது, ஆனால் ஆற ஆற நன்றாக இறுகும், அதனால் தண்ணீர் தாராளமாக.

## தவறினால் என்ன செய்வது

சாஸில் வெள்ளைத் துகள் தெரிகிறது. உடனே அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு கரண்டி கிரீமும் கொஞ்சம் பாஸ்தாத் தண்ணீரும் விட்டு வேகமாகக் கலக்குங்கள். லேசாகத் திரிந்தது சேர்ந்துகொள்ளும். முழுக்கத் திரிந்தால் சேராது. ஆனால் கெட்டுப்போகவில்லை, பார்க்கத்தான் சுமார், சாப்பிடலாம்.

புளிப்பு தூக்கல். கிரீம் சேர்ப்பதற்கு முன்பே ருசி பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு. கால் தேக்கரண்டி சர்க்கரை. அதற்கும் அடங்காத தக்காளி என்றால் இரண்டு விரல் நுனியில் எடுத்த அளவு சமையல் சோடா, நுரைக்கும், அடங்கும். அதற்கு மேல் போனால் சோப்பு ருசி.

பாஸ்தா குழைந்துவிட்டது. பதினோராவது படியைத் தாண்டிவிடுங்கள். தண்ணீர் சேர்க்காமல், அணைத்த அடுப்பில் சாஸோடு மெதுவாகப் புரட்டி உடனே பரிமாறுங்கள்.

சாஸ் நீர்த்துக் கிடக்கிறது. கிரீம் சேர்க்கும் முன் என்றால் தீயைக் கூட்டி ஒரு நிமிடம். சேர்த்த பின் என்றால் கொதிக்கவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் சீஸ் போட்டு இரண்டு நிமிடம் மூடிவையுங்கள்.

## சேர்க்கைகள்

குடைமிளகாய் வெங்காயத்தோடு போகலாம். பட்டாணி, ஸ்வீட் கார்ன் பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே கடைசி மூன்று நிமிடம். காளான் மட்டும் தனிக் கடாயில், பெரிய தீயில், அது விடும் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் உங்கள் சாஸுக்குள் வரும்.

கோழி என்றால் எலும்பில்லாத சிறு துண்டுகளை உப்பு, மிளகுத் தூளோடு முதலிலேயே அதே கடாயில் வறுத்து எடுத்துவைத்துவிடுங்கள். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லை என்று தெரிந்த பின் பதினோராவது படியில் சேருங்கள். பச்சைக் கோழி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்க வேண்டாம்.

## பாதுகாப்பு

கஞ்சி வடித்துப் பழகிய கைக்குப் பாஸ்தா வடிப்பது புதிதல்ல. ஆனால் தட்டைப் போட்டுக் கவிழ்க்கும் அந்த முறை இதற்கு வேண்டாம். பாஸ்தா சரிந்து வந்து தட்டைத் தள்ளும். வடிகட்டியைத் தொட்டியில் நிலையாக வைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் இரு காதையும் காய்ந்த கரித்துணியால் பிடித்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஊற்றுங்கள். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்தும். ஆவி மேலே எழும்போது முகம் குனிந்திருக்கக் கூடாது. கனம் தூக்க முடியாதவர்கள் பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம். ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுத்துக் கடாயில் போட்டால் போதும். எனக்கு அந்த முறைதான் அதிகம் பிடிக்கும், தேவையான தண்ணீரும் பாத்திரத்திலேயே இருக்கும்.

வற்றும் தக்காளி தெறிக்கும். கடாயைச் சற்றே திறந்த மூடியால் மூடுங்கள், கிளறுவதற்கு முன் தீயைக் குறையுங்கள். சூடான சாஸை மிக்ஸியில் அடிக்க ஆசைப்படாதீர்கள். மூடிய ஜாருக்குள் ஆவி விரிந்து மூடியைத் தூக்கி எறியும்; சாஸ் உங்கள் மேலேயும் சுவரிலும்தான். வழவழப்பாக வேண்டும் என்றால் நன்றாக ஆறவைத்து, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் அடியுங்கள்.

சுட்டுவிட்டால்: மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரியது, அல்லது முகத்தில், அல்லது சுட்டது குழந்தையை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

## மீந்தால்

கிரீம் சேர்ந்த உணவு, நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். பிரித்த கிரீம் பெட்டியை அப்படியே வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, பெட்டியில் சொன்ன நாட்களுக்குள் தீருங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பாஸ்தா சாஸை எல்லாம் குடித்துக் கட்டியாக இருக்கும். ஒரு ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சுடவையுங்கள், இடையிடையே புரட்டிவிட்டு. மைக்ரோவேவ் என்றால் பாதித் திறனில். ஒருமுறை சுடவைத்ததை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சுடவையுங்கள்.

அடிக்கடி செய்யப் போகிறீர்கள் என்றால், ஏழாவது படிவரை இரண்டு பங்காகச் செய்து, ஒரு பங்கு தக்காளி சாஸைக் கிரீம் சேர்க்காமல் ஆறவைத்து ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் தாங்கும். அதை எடுக்கும் நாளில் தண்ணீர் கொதிக்கிற நேரமும் பாஸ்தா வேகிற நேரமும் மட்டும்தான் சமையல்.